தென்காசியைக் காணோம்!

மழைக்காலத்தில் ஒரு நிவாரணக் குழு கம்ப்யூட்டரில் 'டாஷ்போர்டு' ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தமிழ்நாட்டு வரைபடம். அதன்மேல் நிவாரண முகாம்கள் ஒரு லேயர், ஏரி, குளங்கள் ஒரு லேயர், ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஒரு லேயர். மேலே மாவட்டப் பட்டியல். ஒரு பெயரைத் தொட்டால் மூன்று லேயர்களும் அந்த மாவட்டத்தை மட்டும் காட்ட வேண்டும்.

தென்காசியைத் தொடுகிறார்கள். முகாம்கள் வருகின்றன, குளங்கள் வருகின்றன. சுகாதார நிலையம் ஒன்றுகூட இல்லை! எண்ணிக்கைப் பெட்டியில் '0'.

ஊரில் இல்லாமலா இருக்கும்? அந்த லேயர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டப் பட்டியலை வைத்துத் தயாரானது. அப்போது 32 மாவட்டங்கள்தான், இன்று 38. 2019-ல் பிரிந்த தென்காசியின் சுகாதார நிலையங்கள் எல்லாம் அதில் இன்னமும் திருநெல்வேலிக் கணக்கில் இருக்கின்றன.

பட்டியலுக்கு ஊர் தெரியாது, பேர்தான் தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும், அவ்வளவே. ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி பெயர் இருப்பவர்கள் கவுன்ட்டரில் படும் பாடுதான் இதற்கும். ஒரு லேயரில் 'தூத்துக்குடி', இன்னொன்றில் 'டூட்டிகொரின்' என்றிருந்தால் இரண்டும் சேராது. 2020-ல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய அரசாணை வெளியில் தெரிந்த சில நாட்களிலேயே வாபஸ் ஆனது நினைவிருக்கலாம். மனிதர்களுக்கே குழப்பம்!

பெயருக்குப் பதில் அரசு தரும் மாவட்டக் குறியீட்டு எண்ணை எல்லா லேயர்களிலும் வைத்தால் எழுத்துப்பிழைத் தொல்லை தீரும். ஆனால், மாவட்டம் பிரிந்த சிக்கல் தீராது. அதற்கு, இன்றைய தென்காசி எல்லைக்கோட்டுக்குள் எந்தெந்தப் புள்ளிகள் விழுகின்றன என்று இடத்தை வைத்தே வடிகட்டச் சொல்ல வேண்டும். ஆர்க்ஜிஐஎஸ் டாஷ்போர்ட்ஸில் இந்த வசதி உண்டு. எல்லையில் கிடக்கும் ஏரி மட்டும் இரண்டு மாவட்டத்திலும் தலைகாட்டும். கூட்டும்போது இருமுறை எண்ணிவிடக் கூடாது.

ஒரு லேயரைப் பட்டியலோடு இணைக்க மறந்தால் மாநிலம் முழுவதும் புள்ளிகள் தெரியும், பார்த்ததும் பிடித்துவிடலாம். காலியான வரைபடம்தான் ஆபத்து. பெயர் பொருந்தாத இடத்தில் '0' என்று காட்டாமல் 'தகவல் இல்லை' என்று வரும்படி அமைத்திருந்தால், குழுவில் யாராவது ஒருவர் தென்காசிக்குப் போன் போட்டாவது கேட்டிருப்பார்.