சிசுக்கொலைச் சட்டமும் வேலைக்காரப் பெண்களும்

கேதேயின் ‘பவுஸ்ட்’ நாடகத்தில் வரும் கிரெச்சனுக்காக இரங்காத விமர்சகர் இலர். காதலனாற் கைவிடப்பட்டு, பெற்ற சிசுவைக் கொன்று, சிறையிற் சித்தம் கலங்கிக் கிடக்கும் அப்பெண்ணின் கதை காதலின் அவலம் என்றே விதந்துரைக்கப்பட்டு வந்துள்ளது. அப்பாத்திரத்தின் பின்னால் நிற்கும் உண்மைப் பெண்ணுக்கோ பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பே கிடைக்கிறது.

அவள் பெயர் சுசன்னா மார்கரெதா பிராண்ட். பிராங்க்பேர்ட் நகரின் விடுதியொன்றில் வேலைக்காரியாக இருந்தவள். 1771 ஆகஸ்டில் அவ்விடுதியின் சலவையறையில் எவரும் அறியாமற் பிள்ளை பெற்றாள், சிசு இறந்தது. 1772 சனவரி 14ஆந் திகதி பகிரங்கமாகச் சிரச்சேதம் செய்யப்பட்டாள். வயது 25. அவளைக் கருவுறச் செய்தவன் ஒரு வழிப்போக்கன். அவன் எந்த நீதிமன்றின் முன்னும் நிற்கவில்லை. இளஞ் சட்டத்தரணியான கேதே அவ்வேளை அந்நகரிலேயே இருந்தார். ஆயினும் அவர் படைத்த கிரெச்சன் வேலைக்காரி அல்லள். தந்தை விட்டுச்சென்ற வீடும் தோட்டமும் உள்ள குடும்பத்துப் பெண். தம் வீட்டில் வேலைக்காரி இல்லை என்று அவளே கூறுகிறாள். இம்மாற்றம் அற்பமானதன்று. கூலியையும் எஜமானியையும் கதையிலிருந்து நீக்கிவிட்டால், எஞ்சுவது காதலும் பாவமும் மட்டுமே.

அவை மட்டுந்தானா இப்பெண்களைக் கொன்றன? பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தை நோக்குக. வீட்டு வேலைக்காரி எஜமானின் கூரையின் கீழேயே உறங்கினாள். பெரும்பாலும் இன்னொரு வேலைக்காரியுடன் ஒரே கட்டிலில். கருவுற்றமை தெரிந்தால் வேலை போகும். வேலையுடன் உறைவிடமும் உணவும் போகும். நற்சான்று எழுதித் தர எவருமிலர். அஃதின்றி வேறெந்த மதிப்புள்ள வீட்டிலும் இடமில்லை. கோயிற்பற்று அதிகாரிகளோ, முறைதவறிப் பிறக்கும் பிள்ளை தம் எல்லைக்குட் பிறந்தால் தம் வறியோர் வரியிலேயே வளரவேண்டும் என்பதால், பிரசவத்துக்கு முன்பே தாயை எல்லை கடத்த முனைந்தனர். இந்நிலையிற் கருவை மறைத்தல் ஒழுக்கக்கேட்டின் அடையாளமன்று. அடுத்த நாட் சோற்றுக்கான வழி அது. கடைசி நாள்வரை நீர் சுமந்து, தரை துடைத்து, நோவு கண்டபோதும் வாய்பொத்திக் கிடந்தவள் தனித்தே பெற்றாள். தனித்துப் பெறும் பிள்ளை இறப்பதற்குத் தாயின் கை வேண்டுவதில்லை.

சட்டம் இதனை ஏற்க மறுத்தது. 1624ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம், மணமாகாத தாயொருத்தி தன் சிசுவின் இறப்பை மறைத்தால் அவள் கொலைகாரியே என ஊகித்தது. பிள்ளை இறந்தே பிறந்தது என்பதற்குக் குறைந்தது ஒரு சாட்சியை அவளே கொணர வேண்டும். மறைவாகப் பெற்றவள் சாட்சிக்கு எங்கே போவாள்! மணமானவள் மீது இதே ஐயம் எழுந்தால் ஏனைய கொலை வழக்குகளைப் போலவே கொலை நிரூபிக்கப்படல் வேண்டும். ஸ்கொத்லாந்தின் 1690ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேற்சென்றது: கர்ப்பத்தை மறைத்து, பிரசவத்தில் உதவிக்கு எவரையும் அழையாதிருந்து, பிள்ளை இறந்தோ காணாமற்போயோ இருப்பின் அதுவே கொலை.

யூரர்கள் இரக்கமுடையோராய் இருந்தனர், பதினெட்டாம் நூற்றாண்டு செல்லச் செல்லப் பெரும்பாலோர் விடுதலை பெற்றனர் என்று சிலர் வாதிப்பர். மெய்யே. ஆனால் அவ்விரக்கம் எதனைப் பற்றி நின்றது? குழந்தைக்கெனச் சிறு துணிகளை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்தாள் என்று காட்டினால், மறைக்கும் எண்ணம் இல்லை எனக் கொள்ளப்பட்டது. ஒரே பெட்டிக்குள் தன் உடைமை அனைத்தையும் வைத்திருந்த வேலைக்காரி அத்துணிகளை எஜமானியின் கண்ணிற் படாமல் எங்கே சேர்ப்பாள்? இரக்கம் காட்டியவர்களும் சட்டத்தை நீக்க அவசரப்படவில்லை. 1803இலேயே அது ஒழிந்தது. அப்போதும் பிறப்பை மறைத்தல் ஈராண்டு வரையான சிறைக்குரிய குற்றமாகத் தொடர்ந்தது. அக்குற்றத்தின் சாயலை 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையிலும் காணலாம்.

சிசுக்கொலை நிகழவேயில்லை என்பது இங்கு வாதமன்று. கழுத்து நெரிக்கப்பட்ட சிசுக்களும் இருந்தன. ஆனால் எது கொலை, எது இயற்கை இறப்பு என்று பிரித்தறியும் ஆற்றல் அந்நீதிமன்றங்களுக்கு இருக்கவில்லை. நீரிலிட்ட நுரையீரல் மிதந்தால் பிள்ளை மூச்சு விட்டது என்றனர். அச்சோதனையை நம்பி ஒருத்தியைத் தூக்கிலிடலாகாது என்பதை மருத்துவர் வில்லியம் ஹன்ரர் 1783இல் எடுத்துரைத்தார்.

‘அக்காலத்து மனிதரை இக்கால அளவுகோலால் அளக்கலாமா?’ என்பது கேதேயின் அபிமானிகள் இறுதியாகச் சரணடையும் இடம். அக்காலத்து அளவுகோலாலேயே அளப்போம். பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக், இத்தகைய தாய்மாரைச் சாக்கிலிட்டு நீரில் அமிழ்த்தும் தண்டனையை 1740இலேயே ஒழித்தான். பெக்காரியா 1764இல், அவமானத்துக்கும் சிசுவின் சாவுக்கும் இடையே சிக்குண்டவளின் நிலையைச் சட்டத்துறையினர் முன் வைத்தார். 1780இல் மன்ஹைமில், சிசுக்கொலையைத் தடுக்கச் சிறந்த வழி யாதெனக் கேட்டுப் பரிசுப் போட்டி அறிவிக்கப்பட்டபோது ஏறத்தாழ 400 கட்டுரைகள் குவிந்தன. அவ்வினாவுக்கு விடையாகப் பெஸ்ரலோசி எழுதிய நூல் 1783இல் வெளிவந்தது.

அதே 1783இல் வைமாரில் யொஹன்னா கத்தரினா ஹோன் என்னும் வேலைக்காரிக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. இக்குற்றத்துக்கு மரணதண்டனை தொடர வேண்டுமா எனக் கோமகன் கார்ல் ஔகுஸ்ற் தன் ஆலோசகர்களை வினவினான். அது தொடரட்டும் என்ற சக ஆலோசகரின் கருத்துடன் கேதேயும் உடன்பட்டார். நவம்பர் 28ஆந் திகதி அப்பெண் கொல்லப்பட்டாள். ‘பவுஸ்ட்’ முதற்பாகம் 1808இல் அச்சேறியது.