கடல் அறிந்தவனுக்கும் ஆறு புதிது

கல்முனைக்குடியில் பிறந்தவனுக்கு நீரைக் கண்டு அச்சம் வருவதில்லை. நடக்கப் பழகும் வயதிலேயே கால் நனைத்த கடல் அது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை எங்கள் கரையோரத்தைத் துடைத்துச் சென்ற பின்னரும், மீனவர்கள் தோணியைச் செப்பனிட்டு அதே கடலுக்குத்தான் இறங்கினார்கள். இந்தத் துணிவு எமது சொத்து. ஆனால், மலைநாட்டு ஆற்றில் இதே துணிவு ஆளைக் கொல்லும் என்பதைப் பற்றி நாம் இன்னும் பேசத் தொடங்கவில்லை.

செய்தி மேசையில் இருந்த காலத்தில் என் கையால் திருத்திய மரணச் செய்திகளுள் ஒருவகை, ஆண்டுக்கு ஆண்டு ஊர்ப்பெயர் மட்டும் மாறி வந்துகொண்டிருந்தது. பெருநாள் விடுமுறை, வாடகை வேன், நீர்வீழ்ச்சி, நீராடப் போன இளைஞர், மறுநாள் ஜனாஸா. இறந்தவர்களுட் பலர் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்.

அண்மைக் காலமாக இதன் அடுத்த படியைக் காண்கிறேன். களனி கங்கையின் கித்துல்கலையில் கயாக் ஓட்டப் பழகிய நம்மவர் சிலர், "இனி ஒடுங்கிய மலையோடைகளில் இறங்கலாமா?" என்று கேட்கிறார்கள். சில பருவங்கள் அங்கே துடுப்புப் பிடித்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். இறங்கலாம். ஆனால் எதைக் கற்ற பிறகு என்பதே கேள்வி.

முதலில், கடற்கரையார் மறக்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. கடலில் அலை நகர்கிறது. நீர் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது. ஆற்றில் நீர் ஓடுகிறது. அலை ஒரே இடத்தில் நிற்கிறது. கடலலை ஒன்று நம்மைக் கடந்து போனதும் அடுத்தது வருமுன் மூச்சுவிட இடைவேளை கிடைக்கும். ஆறு இடைவேளை தருவதில்லை. பாறையோடு சேர்த்து நம்மை அழுத்தும் நீர், அழுத்திக்கொண்டே இருக்கும்.

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிப் பிறப்பது களனி கங்கை. கித்துல்கலையில் அதன் வேகநீர், ஒன்று முதல் ஆறு வரையிலான சர்வதேசத் தரவரிசையில் பொதுவாக இரண்டாம், மூன்றாம் தரத்தது. ஆறு அகலமானது, தவறு செய்து கவிழ்ந்தாலும் கீழே அமைதியான மடு ஒன்று காத்திருக்கும். மேலே நீர்மின் நிலையங்கள் இருப்பதால், அவை நீரை விடுவதைப் பொறுத்து மட்டம் கூடிக் குறையும். அங்கே இடைநிலைக்கு வந்தவனிடம் தன்னம்பிக்கை நிறைய இருக்கும். பெரும்பாலும் அது அந்த ஆறு கடனாகக் கொடுத்தது.

மலையோடை கடன் கொடுக்காது. அது ஒடுக்கம், செங்குத்து, பாறை நிறைந்தது. ஒரு வீழ்ச்சி முடியுமுன் அடுத்தது தொடங்கும். ஆகவே அங்கே முதற்பாடம் நிற்கக் கற்பது. பெரிய பாறையின் பின்னால் நீர் எதிர்த்திசையில் மெல்லச் சுழலும் ஒதுக்கம் ஒன்று இருக்கும். ஆங்கிலத்தில் எடி என்பார்கள். கயாக் அளவே அகலமான ஒதுக்கத்திலும், நினைத்த மாத்திரத்தில், பத்துக்குப் பத்து முறையும் திரும்பி நிற்க முடியாதவன் ஓடைக்குத் தயாரானவன் அல்லன்.

இரண்டாவது பாடம் பூஃப். வீழ்ச்சியின் விளிம்பில் கடைசித் துடுப்பை ஆழப் போட்டு, கயாக்கின் மூக்கை உயர்த்தி, அடியிலுள்ள சுழலைத் தாண்டி விழும் உத்தி அது. மூக்குக் குத்தி விழுந்தால் அடியிலுள்ள பாறை வரவேற்கும்; சுழலுக்குள் விழுந்தால் நீர் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். உயரமான வீழ்ச்சியில் முற்றிலும் தட்டையாக விழுந்தாலோ முதுகெலும்பு நொறுங்கலாம். எங்கே எவ்வளவு என்பது சிறு வீழ்ச்சிகளில் நூறு முறை பழகினால்தான் உடலுக்குத் தெரியும்.

குளம் வான் பாய்வதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். அணைக்கட்டின் அடியில் கோடு போட்டாற்போல் நுரைக்கும் நீர் பார்க்க அழகானது. ஆனால் அதுவே ஆற்றின் மிகக் கொடிய பொறி. கரைக்குக் கரை ஒரே சீராகச் சுழல்வதால் வெளியேற வழி இராது. விழுந்து கிடக்கும் மரமும் அப்படியே. கிளைகளினூடே நீர் போய்விடும், மனிதன் போகமாட்டான்.

கயாக் ஓட்டாதவர்களும் அறியவேண்டியது ஒன்று: வேகநீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறையிடுக்கில் பாதம் சிக்கினால் முழங்காலளவு நீரே உங்களைக் குப்புறச் சாய்த்து மூழ்கடிக்கும். மல்லாந்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் உயர்த்தி மிதந்து, கரைப்பக்கம் ஒதுங்குங்கள். எதிரே விழுந்த மரம் இருந்தால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னாக நீந்தி அதன் மேல் ஏறிவிடுங்கள்.

தமிழகத்துக்கு அருகில் மலையோடைக் கயாக்கைக் காண விரும்புவோர் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தை நோக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும், 2013 இல் தொடங்கிய மலபார் ஆற்றுவிழா மழைக்காலத்தில் நடக்கிறது. உலகின் தேர்ந்த வீரர்கள் வருகிறார்கள். அவர்கள்கூட இறங்குமுன் கரையோரம் நடந்து பார்க்கிறார்கள். கையில் எறிகயிற்றுப் பையுடன் ஒருவரைக் கீழே நிறுத்துகிறார்கள். மனம் ஒப்பாத இடத்தில் கயாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள். அவ்வாறு நடப்பதை அங்கே எவரும் கோழைத்தனம் என்பதில்லை.

நமது இளைஞரிடம் நான் காணும் குறை இதுதான். நண்பர் முன்னிலையில், கைபேசிக் கமராவின் முன்னிலையில், "நான் நடக்கிறேன்" என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு எழவில்லை. துடுப்பு வீச்சைவிட அந்த ஒரு சொல்லைக் கற்பது கடினம்.

நமது மாவட்டத்து அறுகம்பையில் மீனவர் பிள்ளைகள் அலைச்சறுக்கு பழகித் தேர்ந்து, வெளிநாட்டாருக்கே கற்பிக்கிறார்கள். ஆகவே திறமைக்குக் குறைவில்லை. முறையான கற்பித்தலுக்குத்தான் குறைவு. விளையாட்டுக் கழகங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சுற்றுலா வேன் புறப்படுமுன் ஒரு மணிநேரம் ஒதுக்கி, ஆற்றுநீரின் இயல்பையும் கயிறு எறியும் முறையையும் சொல்லிக்கொடுக்கலாம். செலவு ஒரு கயிறும் ஒரு பையுமே.

ஓடையில் இறங்க விரும்புவோருக்கு என் நிபந்தனைகள் நான்கு: மூவருக்குக் குறையாத குழு, தலைக்கவசம், எறிகயிறு, அந்த ஓடையை அறிந்த ஒருவர். நான்கில் ஒன்று இல்லையென்றாலும் அன்று கரையிலிருந்து பாருங்கள். ஓடை அடுத்த மழைக்கும் அங்கேதான் இருக்கும். வீட்டில் உம்மா காத்திருப்பது உங்களுக்காக.