தமிழை நிறுத்தினால் பேச்சு வருமா?

தில்லியில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்றில் மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தை இருந்தால், அந்த வீட்டாருக்குக் கிடைக்கும் முதல் யோசனை பெரும்பாலும் ஒன்றேதான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, டி.வி.யில் இங்கிலீஷ், குழந்தை குழம்பிப் போயிருக்கிறது, தமிழை நிறுத்திவிட்டு இந்தியில் மட்டும் பேசுங்கள் என்பது அந்த யோசனை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் சொல்கிறார். நர்சரிப் பள்ளி ஆசிரியை சொல்கிறார். சில வேளைகளில் பேச்சுப் பயிற்சி அளிக்க வேண்டியவரே சொல்லிவிடுகிறார்.

தகப்பனார் ஆபீஸில் இந்தி பேசிப் பழகியவர், அவரால் முடியும். தாயார் நிலை வேறு. கல்யாணமாகித் தஞ்சை ஜில்லாவிலிருந்தோ நெல்லை ஜில்லாவிலிருந்தோ வந்தவர். காய்கறி வண்டிக்காரனிடம் விலை கேட்கும் அளவுக்கு இந்தி கற்றவர். நாள் முழுவதும் குழந்தையோடு இருப்பவர் அவரே. சோறூட்டும்போதும் தலை துவட்டும்போதும் அவர் வாயில் தானாக வருவது தமிழ்தான். அதை நிறுத்தச் சொன்னால் அவர் சரளமாக இந்தி பேசத் தொடங்கிவிடுவதில்லை. ஆவோ, பைட்டோ, காவோ என்று மூன்று சொற்களோடு நிறுத்திக்கொள்கிறார். பேச்சு வராத குழந்தையின் காதில் அதிகப் பேச்சு விழ வேண்டும் என்பதுதான் வைத்தியம். இந்த யோசனையால் அந்த வீட்டில் இருந்த பேச்சும் குறைந்துபோகிறது. கோடை விடுமுறைக்கு வந்திருக்கும் பாட்டி, பேரனிடம் எந்த மொழியில் பேசுவது என்று தெரியாமல் அவன் தலையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இந்த யோசனைக்கு ஆதாரம் உண்டா என்றால், இல்லை என்பதே ஆராய்ச்சியாளர்கள் கண்ட முடிவு. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளில் இரு மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் ஒரே மொழி கேட்டு வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டுக் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. இரு மொழிக் குழந்தைகள் அதனால் பின்தங்கிவிடவில்லை என்று அது காட்டியது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளைப் பற்றிப் பின்னர் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் ஏறத்தாழ இதையே சொல்கின்றன. பேச்சுத் தாமதத்துக்குக் காரணம் காது கேளாமையாக இருக்கலாம், மூளை முடக்குவாதமாக இருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம், மனவளர்ச்சித் தாமதமாக இருக்கலாம். முதலில் காதைச் சோதிக்க வேண்டும். இரண்டு மொழிகள் காதில் விழுவது இந்தக் காரணங்களில் ஒன்று அல்ல.

மொழியைக் குறை சொல்லாதவர்கள் தாயைக் குறை சொல்கிறார்கள். இது தமிழ் வீடுகளின் வழக்கம் மட்டுமல்ல. ஆட்டிசத்தை அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் 1943-இல் விவரித்ததற்குப் பிறகு, தாயின் அன்புக் குறைவே அதற்குக் காரணம் என்று படித்தவர்களே இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது முற்றிலும் தவறு என்பது எப்போதோ நிரூபணமாகிவிட்டது. தடுப்பூசிதான் காரணம் என்று 1998-இல் லண்டன் மருத்துவ ஏடு ஒன்றில் வந்த கட்டுரையும் பொய்த்துப்போய், 2010-இல் அந்த ஏட்டாலேயே விலக்கப்பட்டது. ஆயினும் மாமியார் வாயிலிருந்து வரும் சொல்லை விலக்க எந்த ஏட்டாலும் முடிவதில்லை.

இத்தகைய குழந்தை உள்ள வீட்டின் அன்றாடம் வெளியாருக்குத் தெரியாது. பிரஷர் குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தை இருக்கிறது. அதற்காக விடியுமுன்பே எழுந்து, குழந்தை தூங்கும்போதே சமையலை முடித்துவிடுகிறார் தாய். எட்டு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் பயிற்சி நிலையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. ஆர்.கே. புரம் மலை மந்திருக்குக் கிருத்திகையன்று போக ஆசைதான். மேளமும் மணியும் கூட்டமும் குழந்தைக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்டாலும் சுற்றி நிற்பவர்களின் பார்வை தாய்க்கு ஒத்துக்கொள்வதில்லை. சொந்த ஊரானால் அத்தையோ சித்தியோ ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்வார்கள். இங்கே அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை.

அரசு ஊழியர்களுக்குச் சில சலுகைகள் இருக்கின்றன. பலருக்கு அவை தெரிவதில்லை. ஊனமுற்ற குழந்தையைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்கலாம் என்று மத்திய அரசு 2014 ஜூனில் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் அது மனைவி, பெற்றோர், உடன்பிறந்தோரைப் பராமரிப்பவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. பல ஆண்டுகள் அலைந்து ஒரு நல்ல பயிற்சி ஆசிரியரைக் கண்டுபிடித்திருக்கும் குமாஸ்தாவுக்கு இந்த உத்தரவின் அருமை தெரியும். திடீரென்று வேறு ஊருக்கு மாற்றல் வந்தால், குழந்தை கற்றதெல்லாம் அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும்.

குழந்தைப் பராமரிப்பு விடுமுறை வேறு ஒன்று. மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்கு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாட்கள். குழந்தைக்கு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ ஊனம் இருந்தால் குழந்தையின் வயது வரம்பு கிடையாது. மாநில அரசுகளும் இதைக் கவனிக்க வேண்டும் என்பதுபோல, இமாசலப் பிரதேசக் கல்லூரி ஆசிரியை ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2024 ஏப்ரலில் கருத்துத் தெரிவித்தது. நல்ல விஷயந்தான். ஆனால் தில்லித் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் கணவன் ஆபீஸுக்குப் போகிறார், மனைவி வீட்டில் இருக்கிறார். ஆண்களில் இந்த விடுமுறை மனைவியை இழந்தவர், விவாகரத்தானவர் போன்ற தனித்து வாழ்பவருக்கு மட்டுமே. மனைவிக்கு ஜுரம் வந்தால் அவர் என்ன செய்வார்? அவருக்கும் ஒரு பகுதியாவது கிடைக்க வகை செய்வது நியாயமாக இருக்கும்.

சர்க்கார் உத்தியோகம் இல்லாதவர்களின் கதை இன்னும் கடினம். ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1-ஆம் தேதி கோர்ட் உத்தரவின்படி இடிக்கப்பட்டது. வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து அங்கே தலைமுறைக்கணக்காக வாழ்ந்தவர்கள் தமிழர்கள். தகுதி உண்டு என்று ஏற்கப்பட்டவர்களுக்கு மாற்று வீடு கிடைத்த இடம் நகரின் வடகோடியிலுள்ள நரேலா. வேலை செய்யும் வீடுகளும் பிள்ளைகளின் பள்ளியும் தெற்கே. குடியிருப்பு ஏறத்தாழ 40 கிலோ மீட்டருக்கு அப்பால். நல்ல காலுள்ள பிள்ளைக்கே இது பெருந்தொலைவு. நடக்க முடியாத குழந்தையை வைத்திருக்கும் தாய், பழகிய ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒரு முறை போய் வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். மாற்று வீடு ஒதுக்கும்போது அவ்வீட்டில் இத்தகைய குழந்தை உண்டா என்று கேட்பது அதிகாரிகளுக்குக் கஷ்டமான காரியமா?

எந்தச் சலுகையானாலும் முதலில் வேண்டியது ஊனச் சான்றிதழ். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் முன்பிருந்த 7 வகை ஊனங்களை 21 ஆக உயர்த்தி, ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியும் அதன்படி உரிமை. ஆனால் சான்றிதழ் வாங்கவே பல பெற்றோர் தயங்குகிறார்கள். மூத்த பெண்ணுக்கு வரன் பார்க்கும் சமயத்தில் தம்பியின் பெயரில் இப்படி ஒரு காகிதமா என்பது பயம். அந்தப் பயத்தைப் பரிகசிப்பதற்கில்லை. ஜாதகம் வந்த வீட்டார் விசாரிப்பது உண்மைதான். ஆனால் பையனைக் கல்யாணம் முடியும் வரை உள்ளறையில் வைத்திருந்தால், பயிற்சிக்கு உகந்த வருஷங்கள் போய்விடுகின்றன. அவை திரும்பி வருவதில்லை.

தயக்கத்தை விட்டுப் போகிறவருக்கு அங்கேயும் மொழி குறுக்கே நிற்கிறது. தமிழ் மட்டும் தெரிந்த குழந்தையிடம் இந்தியில் கேள்வி கேட்டு அதன் அறிவை அளந்தால் கிடைக்கும் எண் யாருடைய குறையைக் காட்டும்? குழந்தைக்கு எந்த மொழி தெரியும் என்பதைத் தகப்பனார் முதலிலேயே எழுதிக் கொடுத்து, தாயாரையோ தமிழ் தெரிந்த ஒருவரையோ உடன் வைத்துக்கொள்ளக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய கேள்வி, தங்களுக்குப் பிறகு யார் என்பது. பெற்றோர் பலர் அறியாத விஷயம் ஒன்று: 18 வயது நிரம்பியதும், சட்டப்படி அவர்கள் தாமாகவே காப்பாளர் அல்ல. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்காக 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்டக் குழுவிடம் மனுச் செய்து காப்பாளர் நியமனம் பெற வேண்டும். பெற்றோரே மனுச் செய்யலாம். அதேபோல், சம்பாதிக்க இயலாத ஊனமுற்ற பிள்ளைக்கு, மத்திய அரசு ஊழியரின் குடும்பப் பென்ஷன் வாழ்நாள் முழுவதும் கிடைக்க வழி உண்டு. குடும்ப விவரப் படிவத்தில் பிள்ளையின் பெயரும் ஊனமும் பதிவாகியிருக்க வேண்டும். ரிட்டயர் ஆகும்வரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, பிற்பாடு மற்றப் பிள்ளைகளை அலைய விடுவதில் பொருளில்லை.

இந்த நாட்டில் இத்துறையில் நடந்த நல்ல காரியங்கள் பலவற்றைத் தொடங்கியவர்கள் பெற்றோர்களே. பம்பாயில் 1972-இல் மிது அலூர், தில்லியில் 1984-இல் 'தமன்னா' நிறுவிய சியாமா சோனா, சென்னையில் 1985-இல் 'வித்யாசாகர்' தொடங்கிய பூனம் நடராஜன், தில்லியில் 1991-இல் ஆட்டிசத்துக்கென அமைப்பு ஏற்படுத்திய மெரி பருவா: நால்வரும் இத்தகைய பிள்ளைகளின் தாய்மார். அரசு செய்யட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

தில்லித் தமிழர்களுக்குப் புதிதாக ஸ்தாபனம் வேண்டியதில்லை, இருப்பவையே போதும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் 1923 முதல் கல்விப் பணி செய்கிறது. இன்று 7 பள்ளிகளை நடத்துகிறது. சிறப்பு ஆசிரியர் நியமிக்க வேண்டும் என்ற கோர்ட் உத்தரவுகள் எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்துபவை. அந்த ஆசிரியர்களில் சிலருக்கேனும் தமிழ் தெரிந்திருந்தால் அது இந்தப் பள்ளிகளால்தான் ஆகக்கூடியது. ஆர்.கே. புரத்திலுள்ள தில்லித் தமிழ்ச் சங்கத்தில் கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் இடம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஓர் அறையை இந்தப் பெற்றோருக்கு விட்டால், படிவம் நிரப்பத் தெரிந்த ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர் ஒருவரும், தமிழ் பேசும் டாக்டர் ஒருவரும் வந்து உட்காரலாம். குழந்தைகளை அடுத்த அறையில் கல்லூரி மாணவர்கள் இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும். செலவு, டீக்கும் பிஸ்கட்டுக்கும் ஆவதுதான்.