தடைப்பட்டியலும் சொல்லப்படாத வழியும்

தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலை இலங்கை மத்திய வங்கி நீட்டிக்கொண்டே போகிறது. 2023-இல் எட்டுப் பெயர்களோடு பேசப்பட்ட பட்டியல் அது. ஒன்மக்ஸ் டீரீ போன்ற பெயர்களை அதில் பார்த்துச் சிலர் தப்பினார்கள். பலருக்கு அது காசு போன பிறகு வந்த செய்தி. பட்டியல் வேண்டாம் என்பதல்ல எமது நிலைப்பாடு. ஆனால் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கூட்டுறவுச் சங்கக் கந்தோருக்கு வருபவர் கேட்கும் கேள்வி வேறு: “வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரரிட்ட ஆளுக்குக் கொஞ்சமாச் சேர்த்துத் தோட்டம் போடப்போறம். இது பிழையோ?” இன்று திரள்நிதி என்று பெயர் சூட்டப்பட்டிருக்கும் இந்தப் பழைய காரியத்துக்குப் பட்டியலில் பதில் இல்லை. கேட்டவருக்கு அச்சமும், பதில் சொல்ல வேண்டிய முகாமையாளருக்குத் தயக்கமும்தான் மிச்சம்.

பதில் அவ்வளவு கடினமானதல்ல என்பதுதான் வேதனை. முழங்காவிலில் ஒருவர் பப்பாசித் தோட்டத்துக்கு 10 இலட்சம் ரூபா திரட்ட வைபரில் ஒரு செய்தி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 50,000 ரூபா, இருபது பேர். “உதவி செய்யுங்கோ” என்று மட்டும் எழுதினால் அது நன்கொடை. “இலாபத்தில் பங்கு தருவேன்” என்று எழுதி, அதற்காகக் கம்பனி பதிந்து பங்கு கொடுத்தால் 2007-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் குறுக்கே வரும்: தனியார் கம்பனி பொதுமக்களுக்குப் பங்கு வழங்க முடியாது, பங்குதாரர் தொகையும் ஐம்பதைத் தாண்டக்கூடாது. “மாதம் 1,500 தந்து இரண்டு வருடத்தில் முதலைத் திருப்புவேன்” என்று ஊரறிய அழைத்தால் வைப்புப் பெறுவதாகிவிடும். 2011-ஆம் ஆண்டின் 42-ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின்படி அதற்கு உரிமம் வேண்டும். “இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் உங்கள் பங்கு கூடும்” என்ற வரி சேர்ந்து, வருமானம் பெரும்பாலும் ஆள் சேர்ப்பதில் தங்கியிருந்தால், பிரமிட் திட்டங்களைத் தடைசெய்யும் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு குறுக்கே வரும். தோட்டமும் காசும் ஆட்களும் மாறவில்லை. வாக்குறுதி ஒரு வரி மாறும்போது சட்டம் மாறுகிறது. இதை ஒரு பக்கத்தில் உதாரணத்தோடு அச்சிட்டுப் பிரதேச செயலகங்களில் வைக்க எந்தச் சட்டத்திருத்தமும் தேவையில்லை. வைக்கப்படவில்லை.

எளிமையாக்கினால் சட்டத்தின் துல்லியம் கெடும், பிறகு நீதிமன்றத்தில் அந்தத் துண்டுப்பிரசுரத்தையே காட்டி வாதாடுவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அந்தப் பயம் இருந்திருக்கும். ஆனாலும் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அதன் திரள்நிதி ஒழுங்குவிதி, ஒவ்வொரு திட்டமும் ஆறு பக்கத்துக்கு மேற்படாத தகவல் தாளைத் தொழில்நுட்பச் சொல் தவிர்த்துத் தர வேண்டும் என்கிறது. அனுபவமில்லாத முதலீட்டாளருக்கு மனம் மாற நான்கு நாள் அவகாசமும் கொடுக்கிறது. சட்டத்துக்குப் பதிலாக வந்ததல்ல அந்தத் தாள். சட்டத்தோடு கூடவே நிற்பது. துல்லியம் வர்த்தமானியில் இருக்கட்டும், விளக்கம் கையில் இருக்கட்டும். துல்லியத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் அரசு, சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று சட்டங்களின் கடைசிப் பிரிவில் எழுதிவைத்திருப்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு மறுப்பு உண்டு: ஏமாறுவது பேராசையால், அறியாமையால் அல்ல, எவ்வளவு விளக்கினாலும் ஏமாறுபவர் ஏமாறுவார். வன்னியின் நுண்கடன் அனுபவம் இதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. 2018-இல் ஆண்டுக்கு 35 வீதம் என்று வட்டி உச்சவரம்பு வந்தது, நல்ல காரியம். ஆனால் 50,000 ரூபாவுக்கு முழுத்தொகையில் 24 வீதம் என்று கணக்கிட்டு, 52 கிழமையில் 62,000 கட்டும் பெண்ணின் அட்டையில் 24 என்றுதான் இருக்கும். குறைந்துசெல்லும் மீதிக்கு அதைக் கணக்கிட்டால் 40 வீதத்தைத் தாண்டும். உச்சவரம்பு தன்னைக் காக்கிறதா இல்லையா என்று அவர் எப்படி அறிவார்? அவரிடம் இருந்தது பேராசையல்ல, கிழமைக்கு 1,200 ரூபா கட்டும் கட்டாயம். விளங்காத விதி, அதை மீறுபவருக்குத்தான் வசதி.

இனி எமது பழைய கவலையான கூட்டுறவுக்கு வருவோம். அளவுக்கு மிஞ்சி இதையே பேசுகிறோம் என்று வாசகர்கள் சொல்லக்கூடும், பேசித்தான் ஆகவேண்டும். ஊரார் காசைச் சட்டப்படி ஒன்றுதிரட்ட இந்த மண்ணில் ஏற்கெனவே ஒரு வாசல் திறந்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் உறுப்பினர் பங்கு வாங்கலாம், சேமிக்கலாம், கடன் பெறலாம், ஆளுக்கொரு வாக்குப் போடலாம். சிக்கன கடனுதவு சங்கங்களும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகளும் செய்துவருவது இதுதான். எச்சரிக்கை விளம்பரம் எதிலாவது இந்த வாசல் முன்னுக்கு வருகிறதா? உரிமம் பெற்ற வங்கிகளையும் நிதிக் கம்பனிகளையும் பாருங்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கூட்டுறவு அவர்களுக்கு ஒரு அடிக்குறிப்பு.

கூட்டுறவு மாகாண சபைக்குரிய விடயம், நாங்கள் தலையிடுவதில்லை என்று கொழும்பு சொல்லலாம். எந்த மாகாண சபை? வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் நடக்கவில்லை. அமைச்சர் இல்லை, கேள்வி கேட்க உறுப்பினர் இல்லை, ஆளுநர் இருக்கிறார். முன்பும் ஒருமுறை இப்படி நடந்தது. மாகாண அதிகாரங்களை மத்திக்கு எடுக்கும் திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பப்பட வேண்டும் என்று 2012-இல் உயர் நீதிமன்றம் சொன்னபோது, சபையே இல்லாத வடக்குக்காக ஆளுநர் சம்மதம் சொன்னார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தலையிடக்கூடாது என்ற கூச்சம் அப்போது எங்கே போயிருந்தது? அதிகாரத்தை எடுக்கும்போது மாகாண விடயம் தடையில்லை, விளக்கம் கொடுக்கும்போது மட்டும் மாகாண விடயம் தடையாகிவிடுகிறது.

கூட்டுறவே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நாம் சொல்லவில்லை. கணக்காய்வு பிந்துகிறது, சில சங்கங்களில் ஒரே நிர்வாகசபை ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. உறுப்பினராகச் சங்கத்தின் எல்லைக்குள் வசிக்கவோ காணி வைத்திருக்கவோ வேண்டும் என்ற விதியால் ரொறன்ரோவில் இருப்பவர் இங்கே பங்கு வாங்குவது சிக்கல். அவர் காசு தம்பியின் பெயரில்தான் வரவேண்டியிருக்கிறது, பிறகு அது யாருடைய பங்கு என்ற வழக்கும் வருகிறது. இந்த விதியை மாற்றுவதா, புலம்பெயர்ந்தவருக்கு வாக்கில்லாத தனிவகைப் பங்கு ஒன்றை உருவாக்குவதா என்பது பேசப்பட வேண்டிய விடயம். அதைப் பேச முறையான மேடை இன்று இல்லை.

அதுவரை கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்று செய்யலாம். மேலே சொன்ன பப்பாசித் தோட்ட உதாரணத்தை, நான்கு வாசகமும் மூன்று சட்டமுமாக ஒரு தாளில் அச்சிட்டு, கீழே கூட்டுறவு வழியையும் சேர்த்து, அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். கிராமிய வங்கியின் கருமபீடத்திலும் ஒட்டிவையுங்கள். பிழை இருந்தால் மத்திய வங்கி எழுத்தில் திருத்தட்டும். அந்தக் கடிதம் தமிழில் வந்தால் அதையும் பக்கத்தில் ஒட்டலாம்.