கிராப்பு யாருக்காக?

சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "எப்படி வெட்டணும் தம்பி?" பெரும்பாலான பையன்களிடம் இதற்குச் சொந்தமாக ஒரு பதில் இருப்பதில்லை. பள்ளிக்கூடம் முடியும் வரை அப்பாதான் பதில் சொல்லியிருப்பார். "நல்லா ஒட்ட வெட்டுங்க, ரெண்டு மாசத்துக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது!" கல்லூரிக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி முதல்முறையாக அவனிடமே வருகிறது. குழப்பமும் அங்கேதான் ஆரம்பம். தனக்குப் பிடித்த மாதிரி வெட்டுவதா, பார்க்கிறவர்களுக்குப் பிடித்த மாதிரி வெட்டுவதா?

"போயும் போயும் முடி, இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிரிக்கலாம். ஆனால் முடிக்காக ஊரே சண்டை போட்ட காலம் உண்டு. நூறு வருடத்துக்கு முன்பு குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்தவனைப் பார்த்து, குடும்ப மானம் போய்விட்டதாகப் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பாரதியாரும் காசியில் இருந்த காலத்தில் குடுமியை எடுத்து, மீசை வளர்த்து, தலைப்பாகை கட்டியவர்தான். அன்றைக்கு அது ஆசாரக் கேடு. இன்றைக்கோ அந்த மீசையும் தலைப்பாகையும்தான் பாரதியின் அடையாளம். 1940களில் பிடரி வரை வழிந்த பாகவதர் கிராப்புக்கு ஊரெல்லாம் மயங்கியது. அதே நீளத்தில் இன்று ஒரு பையன் முடி வைத்தால் வகுப்பில் நிற்க வைத்துவிடுவார்கள். ஊரின் ரசனை என்பது இவ்வளவுதான். அது நிலையானது என்று நம்பித் தன் ரசனையைத் தொலைக்க வேண்டியதில்லை.

அரசாங்கமே முடியில் தலையிட்ட கதையும் உண்டு. 1970களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில், நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அறிவிப்பு வைத்திருந்தார்கள். முடி காதை மறைத்தாலோ, சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினாலோ அது நீள முடி. புகழ்பெற்ற ராக் இசைக் குழுவான லெட் செப்பலின் 1972ல் அங்கே கச்சேரி செய்ய முடியாமல் போனதற்கும் முடிதான் காரணம்!

அதற்கு நேர்மாறான கதை தோனியுடையது. 2006ல் லாகூரில் ஆட்டம் முடிந்து பரிசளிக்கும்போது, முடியை வெட்ட வேண்டாம், இதுவே நன்றாக இருக்கிறது என்று பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் மேடையிலேயே சொன்னார். ஆனாலும் தோனி பிறகு வெட்டிக்கொண்டார். 2011ல் உலகக் கோப்பையை வென்றதும் மொட்டையடித்தார். 2024 ஐ.பி.எல்.லில் மறுபடி நீள முடியோடு வந்தார். அதிபர் புகழ்ந்தார் என்பதற்காக வைத்துக்கொள்ளவும் இல்லை, வயதாகிவிட்டது என்பதற்காக விட்டுவிடவும் இல்லை.

"அவர் தோனி, யார் கேட்பார்கள்?" என்றால், அதுவும் நியாயமான கேள்விதான். இங்கேதான் உண்மையான பிரச்சினை இருக்கிறது. நடிகர் தலையில் இருந்தால் ஸ்டைல் என்கிற அதே வெட்டு, குடிசைப் பகுதிப் பையன் தலையில் இருந்தால் 'பொறுக்கி' என்று பெயர் வாங்குகிறது. பெண்களுக்கு இன்னும் மோசம். நீளச் சடை என்றால் அடக்கம், தோளோடு வெட்டினால் திமிர். அகன்ற நெற்றியை மறைக்க 1960ல் இந்தி நடிகை சாதனா வெட்டிக்கொண்ட நெற்றி முடி நாடு முழுவதும் 'சாதனா கட்' ஆகப் பரவியது. ஆனால் அதே வசதிக்காக ஒரு மாணவி முன்முடியை வெட்டினால் வீட்டில் பஞ்சாயத்து நடக்கிறது! இப்படிப் பேசுகிறவர்கள் பார்ப்பது முடியை அல்ல, ஆளை.

அதற்காக மற்றவர்கள் அபிப்பிராயமே வேண்டாம் என்பதும் சரியல்ல. வேலைக்கு நேர்முகத் தேர்வு நடத்துகிறவருக்கு ஒருவனைத் தெரிந்துகொள்ள இருப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் முடியைப் பற்றி அவர் யோசிக்காமல் இருப்பது இவனுக்குத்தான் லாபம். அங்கே சீராக வெட்டிக்கொண்டு போவது அடிமைத்தனம் ஆகாது. கல்யாண வீட்டுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவது மாதிரிதான். சமையல்கூடத்திலும் இயந்திரத்தின் அருகிலும் முடியைக் கட்டச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காரணம் சொல்ல முடிந்தவர் பேச்சைக் கேட்கலாம். "நாலு பேர் என்ன சொல்வாங்க" என்பது காரணம் ஆகாது, ஏனென்றால் அந்த நாலு பேரும் அடுத்த தெரு திரும்பியதும் மறந்துவிடுவார்கள்.

ஒட்ட வெட்டினால் நெற்றி பெரிதாகத் தெரியுமா, சுருட்டை முடிக்கு எந்த வெட்டு அடங்கும், தினமும் காலையில் எவ்வளவு நேரம் செலவழிக்க முடியும் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு, அடுத்த இரண்டு மாதத்தில் முக்கியமான சந்திப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஆசைப்பட்டதை வெட்டிப் பார்த்துவிடலாம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளரும். வாழ்க்கையில் செய்யும் தவறுகளில் இப்படித் தானாகவே சரியாகிவிடுவது வேறு எது?

தலையை மழிப்பதோ நீட்டி வளர்ப்பதோ பெரிதல்ல, உலகம் பழிக்கும் செயலை விட்டால் போதும் என்று துறவிகளுக்கே சொல்லிவிட்டார் வள்ளுவர். உலகத்தின் பேச்சுக்கு அவர் மதிப்புக் கொடுக்கத்தான் செய்கிறார். ஆனால் அந்த மதிப்பு நடத்தையைப் பற்றிய பேச்சுக்கு, முடியைப் பற்றிய பேச்சுக்கு அல்ல.

ஆகவே அடுத்த முறை சலூன்காரர் கேட்கும்போது கண்ணாடியைப் பார்த்தே பதில் சொல்லலாம். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.