சராசரிக்குக் காது உண்டா?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. இசைக்கு மொழியில்லை, எந்த நாட்டுக்காரர் கேட்டாலும் ராகத்தின் உணர்ச்சி புரிந்துவிடும், இது ஆராய்ச்சியில் நிரூபணமாகிவிட்டது என்று. அனுப்பியவர் கள்ளக்குறிச்சியில் என்னோடு வேலை பார்த்த பழைய நண்பர். அவருக்கான பதில் இது.

அப்படி ஓர் ஆராய்ச்சி உண்டுதான். பால்க்வில், தாம்ப்சன் என்ற இருவர் 1999-இல் வெளியிட்டார்கள். இந்துஸ்தானி ராகத் துணுக்குகள் 12-ஐ மேற்கத்திய நேயர்கள் 30 பேருக்குப் போட்டு, மகிழ்ச்சி, சோகம், கோபம், அமைதி எவ்வளவு என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். முதல் மூன்றிலும் கலைஞர் நினைத்ததை நேயர்கள் உணர்ந்தார்கள். அமைதியில் அப்படி அமையவில்லை. நம் நண்பர் அந்த நான்காவதை வசதியாக விட்டுவிட்டார்!

ஆராய்ச்சியோடு எனக்குச் சண்டை இல்லை. அதிலிருந்து ஒரு சராசரியை மட்டும் உருவிக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்வதோடுதான் சண்டை. புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 20-க்குத்தான் மதிப்பெண். ஒருவன் 20, இன்னொருவன் 0 வாங்கினால் சராசரி 10. அந்த 10-ஐ வாங்கிய பையன் வகுப்பிலேயே இல்லை. பாதிப் பேர் அழுது, பாதிப் பேர் சிரித்த பாட்டுக்கும் "நடுத்தர சோகம்" என்று இப்படித்தான் முத்திரை விழும்.

எல்லாரும் ஒரே பதில் சொன்னாலும் போதாது. 1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகக் கல்வராயன் மலைக்குப் போயிருந்தோம். ராத்திரி மேளச் சத்தம், துள்ளல் அடி. திருவிழா என்றேன் நான். கூட வந்தவரும் அதையே சொன்னார். இருவரில் இருவர், நூற்றுக்கு நூறு. விடிந்து போய்ப் பார்த்தால் சாவு வீடு.

தப்பாகிவிட்டதே என்று அங்கிருந்த பெரியவரிடம் சொன்னேன். "தப்பில்லீங்க சாமி, பேரன் பேத்தி எடுத்த கிழவி, கல்யாணச் சாவு" என்றார். பக்கத்திலேயே அந்தக் கிழவியின் மகள் மண்ணில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். மேளம் ஒன்றுதான். இதை மகிழ்ச்சிக் கட்டத்தில் போடுவதா, சோகக் கட்டத்தில் போடுவதா? நாற்பது வருஷம் கட்டம் நிரப்பிய குமாஸ்தா கேட்கிறேன்.

கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. சராசரியோடு, பதில்கள் எப்படிச் சிதறின என்பதையும் காட்டுங்கள். கட்டத்தை நீட்டுமுன் கேட்டவரை அவர் சொல்லிலேயே பேசவிடுங்கள். வாசித்தவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த மகளின் பெயரை என் படிவத்தில் எழுதினேன். வயது, படிப்பு, தொழில் எல்லாம் எழுதினேன். அவள் காதில் அந்த மேளம் எப்படி விழுந்தது என்பதற்கு அதில் கட்டம் இல்லை.