ஏரிக்கரை வீடும் ஒரு கொப்பிக் கணக்கும்

சென்ற மாதம் மாதர் சங்கக் கூட்டமொன்று முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். கனடாவில் இருக்கும் மகளின் படம். பின்னால் பெரியதொரு வீடு, அதற்கும் பின்னால் கடல்போல ஒரு நீர்ப்பரப்பு, மேலே சிவப்பும் மஞ்சளுமாய் ஒரு மரம். “நல்ல வடிவான வீடு, மகளின்ரையோ?” என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். அந்த அம்மா ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. படத்திலிருந்த பெண்ணின் கையில் இலை வாரும் நீளத்தடி இருந்ததை நான் கண்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் 2023 ஆம் ஆண்டில் அப்படியான வீட்டு வளவுகளில் நான் நின்ற நாட்கள் நினைவுக்கு வந்துவிட்டன. இம்முறை அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் மாமியின் மகள் ஸ்காபரோவில் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது மூத்த மச்சாள். அவருடைய கணவர் தோட்டப் பராமரிப்புக் கம்பனி ஒன்றைச் சிறிதாகத் தொடங்கி நடத்தி வந்தார். கம்பனி என்றால் ஒரு வான், ஒரு றெயிலர், புல்வெட்டும் மெஷின் இரண்டு, இலை ஊதும் மெஷின் மூன்று. அவருக்கு முதுகெலும்பில் வருத்தம் வந்து பாரம் தூக்க முடியாமற் போனபின் மச்சாள் அதைக் கையிலெடுத்தார். நான் போயிருந்த அந்த ஒக்டோபரிலும் நவம்பரிலும் பதினைந்து நாளளவில் அவரோடு வேலை இடங்களுக்குப் போய் வந்தேன். பார்வையாளர் விசாவில் வந்தவர் வேலை செய்யக்கூடாது என்று ஒரு விளக்குமாற்றைக்கூடத் தொட அவர் என்னை விடவில்லை. கணக்கு வழக்கில் அவ்வளவு கண்டிப்பு. அது பின்னால் வரும்.

வாடிக்கை வீடுகளில் பாதி ஸ்காபரோவிலேயே. மற்றப் பாதி வடக்கே சிம்கோ ஏரிக்கரையில், கெஸ்விக் பக்கத்தில். ஏரியின் பரப்பு 722 சதுர கிலோமீற்றர். நமது யாழ்ப்பாண மாவட்டத்தின் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்கு எழும்பி, ஆட்களை ஒவ்வொரு வாசலாய் ஏற்றி, 404 ஆம் நெடுஞ்சாலையால் போனால் ஏழரைக்குக் கரையில் நிற்கலாம். ஒக்டோபர் கடைசியில் அப்போதுதான் வெளிச்சம் வரும். புல்லில் உறைபனி படிந்திருந்தால் அது கரையும்வரை ஒருவரும் மிதிக்கக்கூடாது. மிதித்தால் புல் முறிந்து, காலடி வைத்த இடமெல்லாம் பழுப்பாய்த் தெரியும். அந்த அரை மணித்தியாலம் வானுக்குள் தேத்தண்ணி.

குழுவில் நான்கு பேர். நாற்பது வருடமாய் இதே தொழில் செய்கிற போர்த்துக்கேயப் பெரியவர் ஒருவர், படிக்க வந்த மட்டக்களப்புத் தம்பி, புங்குடுதீவு அக்கா, மச்சாள். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. குழுவில் மூத்த பெண் என்று வானின் முன் ஆசனம் அவருக்குத்தான்.

இலையுதிர் காலத்தில் தோட்ட வேலை என்றால் கூட்டித் தள்ளுவதுதான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. கடைசிப் புல்வெட்டு, புல்தரையில் துளையிட்டுக் காற்றோட்டம் விடுதல், டியூலிப் கிழங்குகளை நிலம் உறைய முன் தாழ்த்துதல், தண்ணீர்க் குழாய்களில் மிஞ்சிய நீரைக் காற்றழுத்தத்தால் வெளியே தள்ளுதல் (விட்டால் உறைந்து வெடித்துவிடும்), சீடர்ச் செடிகளுக்குச் சணல் சாக்குச் சுற்றுதல் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். எல்லாவற்றுக்கும் ஒரே முதலாளி பனி. அது விழுந்தால் வேலை முடிந்தது. மேப்பிள் மரம் முந்திக் கொட்டிவிடும். ஓக் மரமோ பிடிவாதம் பிடித்தது. நவம்பரில் எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கொட்டத் தொடங்கும். காய்ந்த இலை காற்றுப்போல. மழையில் நனைந்தால் ஒரு தறப்பாள் நிறைந்ததை இரண்டு பேர் சேர்ந்தும் இழுக்க முடியாது.

படங்களில் தெரியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அந்த வீடுகளில் பல கோடைக்கால வீடுகள். ஒக்டோபர் நடுப்பகுதியோடு பூட்டிவிட்டுச் சொந்தக்காரர் நகரத்துக்குப் போய்விடுவார்கள். ஏழு குளியலறை உள்ள வீட்டு வாசலில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சலம் கழிக்க இடமில்லை. ஆண்கள் மரத்துக்குப் பின்னால் போய்விடுவார்கள். அக்காவும் மச்சாளும் காலையில் குடித்த தேத்தண்ணியோடு பின்னேரம்வரை தண்ணீர் தொடாமல் இருந்ததை முதல் நாள் நான் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள்தான் விளங்கியது. பிறகு பார்த்தால், பன்னிரண்டு மணிக்கு மச்சாள் “பெற்றோல் அடிக்க வேணும்” என்பார். பெற்றோல் இருக்கும். பத்து நிமிடத் தூரத்திலுள்ள கோப்பிக்கடைக்கு அக்காவை ஏற்றிப் போவதற்கு அது ஒரு மறைமொழி. மலையகத்துக் கொழுந்து மலைகளிலும், வெங்காயம் கிண்டப் போகும் நமது சகோதரிகளிடமும் இதே தண்ணீர் குடிக்காத பழக்கத்தைக் கண்டு, சிறுநீர்த் தொற்றைப் பற்றி எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அதே பழக்கம் அங்கேயும் எனக்கு முன்னால் போய் நின்றது.

சம்பள விடயத்தையும் சுருக்கமாய்ச் சொல்கிறேன். அந்த ஒக்டோபர் முதலாம் திகதிதான் ஒன்ராறியோவில் ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 16 டொலர் 55 சதமாக உயர்ந்திருந்தது. மச்சாள் 20 டொலர் கொடுத்தார். ஆனால் அந்த மாகாணச் சட்டத்தில் தோட்டப் பராமரிப்புத் தொழிலாளருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு கட்டாயமில்லை. கிழமைக்கு ஐம்பத்தைந்து மணித்தியாலம் செய்தாலும் ஒரே கணக்குத்தான். இதை அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பணக்கார நாட்டுச் சட்டத்திலும் மண்ணோடு வேலை செய்கிறவருக்கு ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்கிறது.

அதற்கு ஈடுபோல ஒன்று உண்டு. பருவ வேலை முடிந்து நிறுத்தப்படுகிறவருக்கு வேலைக் காப்புறுதி. உழைத்த சராசரி வாரச் சம்பளத்தில் 55 வீதம், ஓர் உச்ச எல்லைக்கு உட்பட்டு, குளிர்காலத்தில் கிடைக்கும். ஆனால் அதற்குமுன் இத்தனை மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும் என்று விதி. அந்தந்தப் பிரதேசத்தின் வேலையின்மை வீதத்தைப் பொறுத்து அது 420 இலிருந்து 700 வரை போகும். சித்திரையில் சேர்ந்தவர்களுக்கு அது ஒரு பிரச்சினையே அல்ல. அக்கா பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆவணி நடுப்பகுதியில்தான் வேலைக்கு வந்தவர். ஆகவே ஒவ்வொரு மணித்தியாலமும் அவருக்கு எண்ணிக்கை. நம் ஊர்ப் பள்ளிக்கூடக் கொப்பி போன்ற ஒன்றில், திகதி, வீடு, தொடங்கிய நேரம், முடிந்த நேரம் என்று தமிழில் எழுதி வைத்திருந்தார். மழை நாளுக்கு ஒரு சிவப்புக் கோடு.

(இதை வாசிக்கும் சகோதரிகள் நாட்கூலிக்குப் போகிறவர்களாயின் அப்படியொரு கொப்பியை இன்றே தொடங்குங்கள். நமது நாட்டில் அவ்வாறான வேலையிழப்புக் காப்புறுதி இல்லை. ஆனால் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக, அமைய வேலையாட்களுக்கும் உரியது. உங்களிடமிருந்து 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம். என்னிடம் வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை ஆதாரமின்றியே விழுந்துபோகின்றன. எத்தனை நாள் வேலை செய்தோம் என்று ஒரு துண்டுக் கடதாசியும் இருப்பதில்லை.)

நவம்பர் முதற்கிழமை. அக்காவின் கொப்பியில் இன்னும் 61 மணித்தியாலம் குறைவு. அவருக்கு மிஞ்சியிருந்தது ஏழு வேலை நாள். நாளுக்கு ஒன்பது என்றால் 63. மழை பெய்யாவிட்டால் சரி. அந்த ஏழில் மூன்று நாள் ஒரே வீட்டில். கரையில் ஆகப் பெரிய வீடு அது. ஓக் மரங்கள் மட்டும் பதினொன்று.

அன்று சொந்தக்காரர் வந்து நின்றார். வீட்டை விற்கப் போகிறாராம், படமெடுக்க ஆள் வருகிறதாம். புல்தரை வெறுமையாய், தண்ணீர்வரை பச்சையாய்த் தெரிய வேண்டுமாம். இலைகளை றெயிலரில் ஏற்றிப் போக இரண்டு நடை. அதற்குத் தனியாக ஒரு தொகை என்று மச்சாள் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே ஏரியைக் காட்டினார். ஊதித் தள்ளுங்கள், அவ்வளவு பெரிய தண்ணீர் இருக்கிறதே என்றார். போன வருடம் வேறொரு குழு அப்படித்தான் செய்ததாம்.

மச்சாள் இயலாது என்றார். அரைத்துப் புல்லுக்கே உரமாய் விடலாம், செடிகளுக்குக் கீழே மூடாக்காய்ப் போடலாம், கரையோரத்தில் ஒரு பட்டியைப் புல் வெட்டாமல் விட்டால் வாத்துகளும் ஏறி வந்து எச்சமிடா என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. அப்படியானால் இன்றோடு போதும் என்று, அன்றைய கூலியைச் சதக் கணக்கும் பிசகாமல் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த மனிதரைப் பற்றி நான் குறைசொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. கோபப்படவுமில்லை, ஏமாற்றவுமில்லை.

மச்சாள் பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் உண்டு. இலை தண்ணீரில் அடியில் போய் அழுகும். அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனை எடுக்கும், பொசுபரசை விடும். அந்தப் பொசுபரசைத் தின்று அடுத்த கோடையில் பாசி படரும். சிம்கோ ஏரியின் நோயே அதுதான். அதற்காக 2008 இல் தனியொரு சட்டமே கொண்டுவந்தார்கள். வருடத்துக்கு 44 தொன்னுக்கு மேல் பொசுபரசு ஏரிக்குள் போகக்கூடாது என்பது 2009 ஆம் ஆண்டுத் திட்டத்தின் இலக்கு. ஆழத்தில் வாழும் குளிர்நீர் மீன்களுக்கு மூச்சு வேண்டும் என்பதற்காக. வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வருவதோடு ஒப்பிட்டால் பதினொரு ஓக் மரத்தின் இலை எம்மாத்திரம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். “எல்லாக் கரையிலையும் பதினொரு மரம் நிக்குது மச்சாள்” என்றார்.

வானுக்குள் அக்கா வெடித்துவிட்டார்.

“பிள்ளை, அவன்ரை வீடு, அவன்ரை கரை. ஊரிலை குளத்துக்கை விழுற இலையை ஆர் எண்ணினது? என்ரை மூண்டு நாளை எண்ணினீரோ நீர்?”

மச்சாள் ஒன்றும் சொல்லவில்லை. கெஸ்விக்கிலிருந்து ஸ்காபரோ வரும்வரை வானுக்குள் சூடாக்கியின் சத்தம் மட்டுமே.

மூன்று நாள் என்றால் 27 மணித்தியாலம். அதன்படி 25 குறைவு. அன்றிரவு அக்கா தொலைபேசியில் கேட்டதை மச்சாள் எனக்குச் சொன்னார். வேலைப் பதிவில் 25 ஐக் கூட்டி எழுதிவிடு, ஆருக்குத் தெரியும் என்றாராம். எழுதிவிடுங்கோ என்றுதான் நானும் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன். சமூகவியல் படித்து, உரிமை, நீதி என்று பத்து வருடம் பேசிவரும் நான் அன்று குசினியில் நின்று அதைத்தான் சொன்னேன். ஏரிக்காக ஏழையின் குளிர்காலத்தைப் பணயம் வைத்தது மச்சாள்தானே, அதை அவரே ஈடுசெய்யட்டும் என்பது என் நியாயம்.

“பொய் எழுதினா ரெண்டு பேருக்கும் தண்டம். அக்கா எடுத்த காசைத் திருப்பிக் கட்ட வேண்டி வரும். அதுக்கு நான் இலையை ஊதியிருப்பன்,” என்றார். பிறகு, “நீர் சொல்லுறதும் சரிதான். நான் இழந்தது காசு. அவ இழந்தது மணித்தியாலம். ரெண்டும் ஒண்டில்லை,” என்றார்.

அடுத்த இரண்டு நாள் மச்சாள் கெஸ்விக்கில் இரண்டு தெருக்களில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். நாற்பத்தாறு வயதில், சேறு பிடித்த சப்பாத்தோடு. கிழங்கு தாழ்க்கவும் செடிக்குச் சாக்குச் சுற்றவும் மூன்று வீடுகள் கிடைத்தன. அந்த வேலைகளில் அக்காவை மட்டுமே நிறுத்தினார். மட்டக்களப்புத் தம்பி முகத்தைச் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் பிழையில்லை, அவனுக்கும் படிப்புக் கட்டணம் கட்ட இருந்தது. அக்காவின் கொப்பியில் 14 ஏறியது. நான் விமானம் ஏறும்போது 11 குறைவு.

மிஞ்சிய ஒரே வழி பனி அள்ளுதல். ஸ்காபரோவில் சில வீடுகளுக்கு மச்சாள் அந்த ஒப்பந்தமும் எடுத்திருந்தார். அக்காவோ பனிக்கு வரமாட்டேன் என்று சேரும்போதே சொல்லியிருந்தவர். முழங்கால் நோ. விடிய நாலு மணிக்கு, உறைந்த படிக்கட்டில், இரும்புச் சவளோடு நிற்பதென்றால் அந்த வயதில் யாருக்கும் பயம்தான்.

நான் ஊர் திரும்பிய பின் ஒரு நாள் மச்சாள் எடுத்தார். பனி விழுந்ததாம். அக்கா தானாகவே கேட்டு மூன்று தரம் வந்தாவாம். பதினொன்றும் நிறைந்து, பத்திரமும் கொடுத்தாயிற்றாம்.

“முழங்கால் எப்படி?” என்று கேட்டேன்.

“ஒரு கிழமை படுக்கை. இப்ப பரவாயில்லை.”

“உங்களோடை கதைக்கிறாவோ?”

“கதைக்கிறா. மாசிக் கடைசியிலை வான் துடைக்க வாறன் எண்டும் சொன்னவ,” என்றார் மச்சாள். “ஆனா பனிக்கு வந்த மூண்டு நாளும் முன் சீற்றிலை இருக்கேல்லை. பின்னாலை போய்த்தான் இருந்தவ.”